கடலடிச் சேற்றில் ஒரு நாட்காட்டி

உயர்தர வகுப்பு மாணவி, உச்சமுனை

உலகப் படத்தை விரித்து, கற்பிட்டியிலிருந்து படகேறிப் போய்ச் சேரும் எங்கள் உச்சமுனையில் பென்சில் நுனியை வையுங்கள். அங்கிருந்து நேர் தெற்காக ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு சிலாபம், நீர்கொழும்பு, கொழும்புக் கரைகளை ஒட்டிச் சென்று, பூமத்திய கோட்டைத் தாண்டி, எந்தத் தீவிலும் முட்டாமல் அந்தாட்டிக்கா வரை போகும். அதே கோட்டில் ஏறத்தாழ 5,700 கிலோமீற்றர் போனால், தெற்கு அகலக்கோடு 43½ பாகையில் ஓர் இடம் வரும். அங்கே கடலின் ஆழம் 3 கிலோமீற்றருக்கு மேல். அந்த ஆழத்துக்குக் குழாய் இறக்கி, ‘றொபேட் கொன்றாட்’ என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் ஒரு சேற்றுத் தூணை எடுத்தது. அதற்குப் பெயர் ஆர்சீ 11-120. அந்தக் கப்பலின் 11ஆவது பயணத்தில் எடுத்த 120ஆவது தூண் என்பது அதன் பொருள்.

பூமியில் பனியூழிகள் ஏன் வந்தன, ஏன் போயின என்ற கேள்விக்கு விடை தந்த தூண்களில் இதுவும் ஒன்று. பனியையே காணாத மணற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் கடல் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானித்ததே அந்தப் பனிதான். இனிக் கடல் எங்கே நிற்கும் என்ற கவலைக்கும் அந்தச் சேறு ஒரு பதில் வைத்திருக்கிறது.

பூமியின் மூன்று அசைவுகள்

பூமி சூரியனைச் சுற்றும் விதம் என்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதில் மெதுவான மூன்று மாற்றங்கள் நடக்கின்றன.

முதலாவது, பாதையின் வடிவம். பூமியின் ஒழுக்கு ஒரு காலத்தில் வட்டத்தை நெருங்கியும், வேறொரு காலத்தில் சற்று நீண்டும் இருக்கும். இந்த மாற்றம் ஏறத்தாழ 1 இலட்சம் ஆண்டுச் சுற்றில் நடக்கிறது.

இரண்டாவது, அச்சின் சரிவு. இன்று பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சரிந்திருக்கிறது. இது 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே கூடிக் குறைகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 41,000 ஆண்டுகள். சரிவு கூடினால் துருவங்களை அண்டிய நாடுகளில் கோடையின் வெப்பமும் மாரியின் குளிரும் கூடும்.

மூன்றாவது, பம்பரத் தள்ளாட்டம். சுற்றும் பம்பரம் தலையை மெல்ல வட்டமாக ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பூமியின் அச்சும் அப்படியே ஆடுகிறது. அதனால் பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வரும் நாள் ஆண்டுக்குள் நகர்ந்துகொண்டே போகிறது.

இந்த மூன்றாவதை விளங்கிக்கொள்ள நமக்கு ஒரு நல்ல உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு. ஆகவே நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் முந்தி வருகிறது. மாரி மழையில் பிடித்த நோன்பையும், தொண்டை வரண்ட கடும் வெயிலில் பிடித்த நோன்பையும் உம்மும்மாமார் சொல்லக் கேட்டிருப்போம். ஏறத்தாழ 33 ஆண்டில் நோன்பு எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடும். பூமி சூரியனுக்குக் கிட்ட வரும் நாளும் இப்படித்தான் பருவங்களைச் சுற்றுகிறது. ஆனால் அது ஒரு நாள் நகரவே ஏறத்தாழ 57 ஆண்டுகள் எடுக்கும். முழுச் சுற்றுக்குச் சராசரியாக 21,000 ஆண்டுகள்.

இன்று அந்த நாள் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. அப்போது சூரியன் ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஜூலையில் தூரம் 15 கோடியே 20 இலட்சமாகக் கூடுகிறது. இதனால் பூமிக்கு வந்து சேரும் ஒளியில் ஏறத்தாழ 7 சதவீத வித்தியாசம் உண்டு. 11,000 ஆண்டுகளுக்கு முன் நிலைமை மறுபக்கம் இருந்தது. வட அரைக்கோளத்தின் கோடையிலேயே பூமி சூரியனுக்குக் கிட்ட இருந்தது.

அளந்து வைத்த ஓர் அறிஞர்

இவ்வளவு மெதுவான மாற்றத்தை மனிதன் எப்படிக் கண்டுகொண்டான்? பல தலைமுறைகள் அளந்து எழுதி வைத்ததால்தான். கி.பி. 929இல் காலமான அல்-பத்தானி, சிரியாவின் றக்கா நகரில் பல்லாண்டுகள் வானை அளந்தவர். பூமியின் அச்சுச் சரிவுக்கு அவர் கண்ட அளவு 23 பாகை 35 கலை. இன்றைய அளவு 23 பாகை 26 கலை. இடையில் ஏறத்தாழ 1,100 ஆண்டுகள். குறைந்தது 9 கலை. இன்றைய கணக்கின்படி இந்தக் காலத்தில் குறைந்திருக்க வேண்டிய அளவும் ஏறத்தாழ அதுதான். தொலைக்காட்டி இல்லாத காலத்தில் எடுத்த அளவு இவ்வளவு பொருந்துவது வியப்புக்குரியது. சூரியன் மிகத் தூரத்தில் தோன்றும் இடம் தொலமியின் காலத்திலிருந்து நகர்ந்துவிட்டது என்பதையும் அவர் கவனித்தார். ஆகவே அச்சும் ஒழுக்கும் மாறுகின்றன என்பது வெறும் ஊகமல்ல. ஒரு பகுதியை மனிதர்கள் நேரில் அளந்தே இருக்கிறார்கள்.

காவலாளியும் கைதியும்

இந்த மாற்றங்களுக்கும் பனியூழிகளுக்கும் தொடர்பு உண்டென்று விரிவாகக் கணக்கிட்டவர்களில் முன்னோடி ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குரோல். 13 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றுபோனவர். கிளாஸ்கோவில் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை பார்த்தபடி அங்கிருந்த நூலகத்தில் தானாகவே படித்தார். 1864இல் தன் கட்டுரையை வெளியிட்டார். கணக்கில் சில இடங்கள் பொருந்தாததால் அவர் கருத்து பிற்காலத்தில் மறக்கப்பட்டது.

அதை மறுபடி எடுத்தவர் சேர்பிய நாட்டு மிலுட்டின் மிலங்கோவிச். முதலாம் உலகப்போர் தொடங்கியபோது அவர் கைதானார். பின்னர் புடாபெஸ்ட் நகரில் தங்கியிருந்து நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அங்கே கையாலேயே கணக்குப் போட்டார். 1941இல் அவரது பெருநூல் வெளிவந்தது. மாரியின் குளிரை விடக் கோடையின் சூடுதான் முக்கியம் என்பது அவர் கண்ட விடயம். வட துருவத்தை அண்டிய நிலங்களில் கோடை வெயில் குறைந்தால், மாரியில் விழுந்த பனி முழுவதும் உருகாது. மிஞ்சிய பனியின் மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது கிலோமீற்றர் கணக்கான தடிப்புள்ள பனிப்படலமாகிவிடும்.

கணக்குச் சரி, சாட்சி எங்கே? மிலங்கோவிச் 1958இல் மறைந்தபோதும் அறிஞர்களில் பலர் அவரை ஏற்கவில்லை. சாட்சி கடலுக்கடியில் இருந்தது.

சேறு எழுதும் கணக்கு

அடையல் என்றால் என்னவென்று புத்தளம் மாவட்டத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் கலா ஓயாவும் மீ ஓயாவும் கலங்கி வந்து களப்பில் மண்ணைப் படிய விடுகின்றன. கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது. ஆனால் நம் களப்பால் நீண்ட கதையைச் சொல்ல முடியாது. அது ஆழம் குறைந்தது. பனியூழியில் கடல் தாழ்ந்தபோது அந்த இடமே தரையாக இருந்தது. ஆழ்கடலின் அடியிலோ அலை கிடையாது, ஆறும் இல்லை. அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்ரிமீற்றர் மட்டுமே அடையல் படிகிறது. பத்துப் பதினைந்து மீற்றர் நீளமான ஒரு தூணில் சில இலட்சம் ஆண்டுகள் அடங்கிவிடும்.

அந்த அடையலில் பொராமினிபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள் நிறைய உண்டு. மணற்பருமனே உள்ள ஓடுகள் அவை. கடல்நீரில் உள்ள பொருளைக் கொண்டே இவை கல்சியம் காபனேற்று ஓட்டைக் கட்டுகின்றன. ஆகவே அந்தக் கால நீரின் தன்மை ஓட்டில் பதிந்துவிடுகிறது.

இங்கேதான் இரசாயனப் பாடம் உதவுகிறது. ஒட்சிசனுக்குச் சமதானிகள் உண்டு. ஒட்சிசன்-16 பாரம் குறைந்தது, ஒட்சிசன்-18 பாரமானது. கடல்நீர் ஆவியாகும்போது பாரம் குறைந்ததே சற்றுக் கூடுதலாக மேலே போகும. சாதாரண காலத்தில் அது மழையாகி ஆற்றின் வழியே கடலுக்குத் திரும்பிவிடும். பனியூழியில் அது துருவப் பனியாக உறைந்து தரையிலேயே நின்றுவிடும். கடலில் ஒட்சிசன்-18இன் பங்கு கூடும். எனவே ஒரு படையின் ஓடுகளில் ஒட்சிசன்-18 கூடியிருந்தால், அந்தக் காலத்தில் உலகில் பனி கூடுதல், கடல் மட்டம் குறைவு என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆழ்கடல் தூண்களில் இந்த முறையை முதலில் பயன்படுத்தியவர் செசாரே எமிலியானி; 1955இல் அதை வெளியிட்டார்.

படையின் வயதை எப்படி அறிவது என்ற கேள்வி எழும். மேற்பகுதிக்குக் காபன்-14 உதவும். ஆழமான பகுதிக்கு வேறோர் அடையாளம் உண்டு. பூமியின் காந்தத் துருவங்கள் கடைசியாகத் தலைகீழாக மாறியது ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். அந்த மாற்றம் எரிமலைப் பாறையிலும் பதிந்துள்ளது, கடலடிச் சேற்றிலும் பதிந்துள்ளது. எரிமலைப் பாறையின் வயதைக் கதிர்த்தொழிற்பாட்டின் மூலம் கணிக்கலாம். அதே வயதுதான் சேற்றில் உள்ள அந்தப் படைக்கும்.

1976ஆம் ஆண்டின் விடை

அமெரிக்காவின் லமொன்ற் ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான தூண்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இத்தகைய தூண்களிடையே தேடி, தென் இந்து சமுத்திரத்தில் எடுத்த இரண்டைத் தேர்ந்தார் ஜேம்ஸ் ஹேய்ஸ். ஒன்று நம் கோட்டில் உள்ள ஆர்சீ 11-120. மற்றது அதற்குத் தென்கிழக்கே எடுத்த ஈ 49-18. முதலாவதன் தொடர்ச்சியாக இரண்டாவதை இணைத்தபோது 4 இலட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளின் வரலாறு கிடைத்தது. கேம்பிரிட்ஜில் நிக்கலஸ் ஷக்கல்டன் ஒட்சிசனை அளந்தார். ஜோன் இம்ப்ரி கணிதப் பகுப்பாய்வில் துணை நின்றார்.

பல படகுகள் ஒன்றாக ஓடும்போதும், பழகிய காது இது இன்னாருடைய எஞ்சின் என்று பிரித்துச் சொல்லிவிடும். ஒன்றோடொன்று கலந்த ஏற்ற இறக்கங்களிலிருந்து ஒவ்வொரு தாளத்தையும் பிரித்தெடுக்கும் கணித முறையும் அத்தகையதே. சேற்றிலிருந்து பிரிந்து வந்த தாளங்கள் ஏறத்தாழ 1 இலட்சம், 42,000, 23,000 ஆண்டுகள். வானியலாளர் கணக்கிட்ட ஒழுக்கு வடிவம், அச்சுச் சரிவு, தள்ளாட்டம் ஆகியவற்றோடு அவை பொருந்தின. 1976 டிசெம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் மூவரும் இதை வெளியிட்டனர். பனியூழிகளுக்குத் தாளம் போடுவது பூமியின் ஒழுக்கே என்று உறுதியாயிற்று. 1 இலட்சம் ஆண்டுத் தாளம் மட்டும் ஏன் அவ்வளவு பலமாக இருக்கிறது என்பது இன்றும் ஆய்வில் உள்ள கேள்வி. ஒழுக்கின் வடிவம் மாறுவதால் மொத்த வெயிலில் ஏற்படும் வித்தியாசம் மிகச் சிறியதுதானே.

இந்த வேலை அத்தோடு நின்றுவிடவில்லை. 2005இல் லொறெயின் லிசியெக்கி, மொறீன் றேமோ என்ற இரு பெண் விஞ்ஞானிகள் உலகின் 57 இடங்களிலிருந்து கிடைத்த பதிவுகளை ஒன்றாக்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கான வரைபை அமைத்தார்கள். இன்று உலகெங்கும் கடலடி ஆய்வாளர்கள் தம் தூண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த வரைபோடுதான். 2020இல் லமொன்ற் ஆய்வகத்தின் தலைவராக மொறீன் றேமோ பொறுப்பேற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவரே.

கச்சான் காற்றின் வரலாறு

பனியின் கதை மட்டுமல்ல, நம் காற்றின் கதையும் சேற்றில் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றை நாம் கச்சான் என்கிறோம். அது வீசும் மாதங்களில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கிறது. தொழில் தளர்கிறது. அதே காற்று ஓமான், சோமாலியாக் கரைகளில் மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த, போசணை நிறைந்த நீர் மேலே வருகிறது. குளிர்நீரை விரும்பும் ஒருவகைப் பொராமினிபெரா அங்கே பெருகுகிறது. ஆகவே ஒரு படையில் அந்த ஓடுகள் கூடுதலாக இருந்தால் அந்தக் காலத்தில் காற்றும் பலமாக இருந்தது என்று பொருள்.

1987இல் ஒரு துளையிடும் கப்பல் ஓமான் கரைக்கு அப்பால் தூண்களை எடுத்தது. வாரன் பிரெல், ஸ்டீவன் கிளெமன்ஸ் முதலியோரின் ஆய்வுகளில் பருவக்காற்றும் ஒழுக்கின் தாளங்களோடு கூடிக் குறைந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், வட அரைக்கோளக் கோடைக்கு இன்றைய அளவை விட 7 சதவீதம் வரை கூடுதல் வெயில் கிடைத்தது. அப்போது பருவக்காற்று பலமாக வீசியது. இன்று மணற்காடாக உள்ள அரேபியாவில் ஏரிகள் இருந்தன. சகாராவில் புல்வெளிகள் இருந்தன. வெயிலில் ஏற்பட்ட இத்தனை சிறிய வித்தியாசம் பாலைவனத்தில் நீரை நிறுத்தியது என்றால், காலநிலை எவ்வளவு நுணுக்கமான சமநிலையில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

உச்சமுனைக்கு இதில் என்ன?

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைய அளவை விட 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன. நம் வாப்பாமார் இன்று வலை வீசும் கரையோரக் கடல் அன்று காடும் வெளியும். பின்னர் வட அரைக்கோளக் கோடை வெயில் கூடியது. பனி உருகியது. கடல் ஏறியது. ஏறத்தாழ 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் பெரும்பாலும் அடங்கியது. கடல் ஓரளவு ஓரிடத்தில் நின்ற பிறகே உச்சமுனை போன்ற மணல் நாக்குகள் நிலைகொள்ள முடியும். நம் வீடுகள், பள்ளிவாசல்கள், தென்னைகள் எல்லாம் இந்த அமைதிக் காலத்தின் மேல்தான் நிற்கின்றன.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். கடல் கரையை எடுக்கும்போது, “காலநிலை எந்தக் காலத்திலும் மாறிக்கொண்டுதான் இருந்தது. இது புதிதல்ல” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மாறியது உண்மை, சேறே சாட்சி. ஆனால் அதே சேறு இன்னொன்றையும் சொல்கிறது: அந்த மாற்றங்களுக்கு ஒரு நேர அட்டவணை இருந்தது.

அந்த அட்டவணைப்படி இன்று என்ன நடக்க வேண்டும்? கடந்த 10,000 ஆண்டுகளாக வட அரைக்கோளக் கோடை வெயில் மெல்லக் குறைந்து வருகிறது. மனிதரின் செயலைக் கணக்கில் எடுக்காவிட்டால், வரும் பல ஆயிரம் ஆண்டுகளில் பூமி பனியை நோக்கிப் போகும் என்றே 1976ஆம் ஆண்டுக் கட்டுரை கூறியது. இப்போதைய ஒழுக்கு வட்டத்தை நெருங்குவதால் அடுத்த பனியூழிக்கு இன்னும் 50,000 ஆண்டுகள் ஆகலாம் என்று பிற்காலக் கணக்குகள் கூறுகின்றன. இரண்டில் எதை எடுத்தாலும், இன்று வேகமாகச் சூடேற வேண்டும் என்று ஒழுக்கின் கணக்கில் இல்லை.

ஆனால் பூமி சூடேறியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 1 பாகை செல்சியசுக்கு மேல். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. காரணத்தைக் காற்றில் பார்க்கலாம். அந்தாட்டிக்காப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளின்படி, 8 இலட்சம் ஆண்டுகளாகக் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்தில் 300 பங்கைத் தாண்டவில்லை. கடைசிப் பனியூழி முடிந்தபோது அது 180 அளவிலிருந்து 260க்கு மேல் உயர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தன. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கத் தொடங்கிய பின், 280இலிருந்து 420க்கு மேல் உயர 300 ஆண்டு கூட ஆகவில்லை. பூமியின் அச்சு ஒரு கலை சரிய 100 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஒழுக்கின் வேகம் அது. இது மனிதரின் வேகம்.

ஒவ்வொரு கடலரிப்புக்கும் இதுவே காரணம் என்று சொல்வதும் தவறு. நீரோட்டம், மண் அகழ்வு, கரையோரக் கட்டடங்கள் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் தாழ்ந்த மணற்கரைக்கு 20 சென்ரிமீற்றர் என்பது சிறிய அளவல்ல. பெருங்கடல் நாளில் அலை எதுவரை வருகிறது என்பதை அது மாற்றிவிடும்.

தோழிகளே, இதை அச்சமூட்ட எழுதவில்லை. ஒழுக்கால் வருவதை நாம் நிறுத்த முடியாது. மனிதர் கையால் வருவதை மனிதர்தான் குறைக்க வேண்டும். களப்போரத்துக் கண்டல்களை வெட்டாமல் காப்பதும், கரை மணலை அள்ள விடாமல் தடுப்பதும் நம் ஊரிலேயே செய்யக்கூடியவை. பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடலை நம்பி வாழும் ஊர்களிலிருந்து கடலைப் படிக்கப் பிள்ளைகள் போக வேண்டும். உறுகுணைப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடி மற்றும் கடல் விஞ்ஞானப் பீடம் இருக்கிறது. கற்பிட்டியிலேயே ‘நாரா’ நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. 2015இல் மாலைதீவுக் கடலடியைத் துளைத்து ஆராய்ந்த ‘ஜொய்டெஸ் ரெசொலூஷன்’ கப்பல் தன் பயணத்தை முடித்தது கொழும்புத் துறைமுகத்தில்தான். அடுத்த முறை அப்படியொரு கப்பல் வரும்போது, அதில் ஏறிச் சேற்றை வாசிக்கத் தகுதியுள்ள ஒரு பெண் நம் கரையிலிருந்து போவாளாக!